கூச்சத்துக்கு வேறு சொல் இல்லை

அறவியலில் ஆராய்ச்சி செய்கிறேன் என்றால் எங்கள் ஊரான தேவாரத்தில் இரண்டு கேள்வி வரும். "அதப் படிச்சா என்ன வேல கெடைக்கும்?" என்பது முதலாவது. "நீதிபோதனை டீச்சரா?" என்பது அடுத்தது. பள்ளியில் நீதிபோதனை வகுப்பைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொண்டதுதான் எல்லாருக்கும் ஞாபகம். நான் விளக்கம் சொல்லி மாளாது. ஒரு தப்பைச் செய்ய வாய்ப்பிருந்தும் ஒருவர் செய்யாமல் நிற்பது எதனால்? கம்பம் கல்லூரியில் இன்று பாடம் நடத்தினாலும் கட்டுரை எழுதினாலும் நான் கேட்பது அதைத்தான்.

அந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை. எம்.ஏ. படிக்கும்போது விடுமுறையில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கொட்டகைக்குப் போவேன். முறத்தில் காயைப் பரப்பி, நிறமும் பருமனும் பார்த்துப் பொறுக்குகிற வேலை. ஒருநாள் மேஸ்திரி போன பருவத்து வெளுத்த காயைக் கொண்டுவந்து கொட்டினார். "புதுக்காயோட கையோட கையாக் கலந்து விடுங்கத்தா. முதலாளி சொல்லிட்டாக" என்றார். எல்லாரும் கலந்தோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் முறத்தைத் தள்ளி வைத்தார்.

"ஏங்க்கா?" என்றேன்.

"கை கூசுது ஆத்தா."

"எல்லாரும்தான செய்யுறோம்?"

"செய்யுங்க. நான் வேணாம்னா சொன்னேன்? எனக்குக் கூசுது, அம்புட்டுத்தான்."

மறுநாள் காலையில் வாசலிலேயே மறித்து, வேலை இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். நான் உள்ளே உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் கலந்துகொண்டிருந்தேன்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதினேன். எழுதியது ஆங்கிலத்தில், கூச்சத்தை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. நாக்கு கூசாமல் பொய் சொன்னான் என்கிறோம், வாய் கூசாமல் கேட்டான் என்கிறோம். நம்மிடம் அறம் நாக்கிலும் கையிலும் இருக்கிறது, புத்திக்குத் தகவல் போவது அப்புறம்தான். துறையில் இதைச் சொன்னதும் சிரித்தார்கள். வெளிநாட்டு அறிஞர் தன் ஊர்ச் சொல்லை வைத்து எழுதினால் அது கருத்தாக்கம், நான் எழுதினால் வட்டார வழக்காம். போங்கடா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு எழுதி முடித்தேன்.

வாய்மொழித் தேர்வு அன்று கூடம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள். அதை ஏற்பாடு செய்தவளும் நான்தான். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார்.

"எல்லாம் நல்லா இருக்கும்மா. இந்தக் கூச்சத்த மட்டும் எடுத்துட்டு கில்ட்னு போட்டுருங்க. குற்றவுணர்வுதானே அது? திருத்துறேன்னு ஒரு கையெழுத்துப் போட்டா இன்னைக்கே முடிச்சிடலாம்."

போடாவிட்டால் ஆய்வேட்டை மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். அடுத்த வாரம் கல்லூரி வேலைக்கு நேர்காணல் இருந்தது. பட்டம் இல்லாமல் அதற்கு உள்ளேயே விடமாட்டார்கள். என் நெறியாளர் தாளை என் பக்கம் நகர்த்தி, "ஒரு வார்த்தைதானம்மா" என்றார், கெஞ்சாத குறையாக.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மேடைத் தமிழ் மறந்துபோய் வீட்டுப் பேச்சுதான் வந்தது.

"ஐயா, குத்த உணர்வு குத்தம் செஞ்சவுகளுக்கு வர்றது. அந்த அக்கா ஒண்ணுமே செய்யல. காயக் கலந்தது நான். அவுகள வெளிய அனுப்புனப்ப வாயத் தெறக்காம உக்காந்திருந்ததும் நான். நீங்க சொல்ற கில்ட் என்னோடது, இன்னைக்கும் எங்கிட்டதான் இருக்கு. அதக் கொண்டுபோயி அவுக பேர்ல எழுத நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

தாளை அவர்கள் பக்கமே நகர்த்தி வைத்தேன்.

அந்த வேலை வேறொருவருக்குப் போனது. ஆய்வேட்டை மறுபடி சமர்ப்பித்தேன், அதே சொல்லோடு.