கடல் இல்லாத ஊரில் கரைச் சண்டை

எங்கள் ஊருக்கு ஹிப் ஹாப் ஒரு கழுத்துச் சுளுக்கோடு வந்து சேர்ந்தது. எண்பதுகளின் நடுவில், ராஜபாளையத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையில் வெள்ளை உறை மாட்டிக்கொண்டு மேடையில் தலைகீழாக நின்று சுற்றினான். மூன்றாவது சுற்றில் மைக் ஸ்டாண்டோடு சேர்ந்து சாய்ந்தான். தலைமையாசிரியர் அதை யோகாசனம் என்று நினைத்துக் கைதட்டினார். பையனுக்கு ஒரு வாரம் சுளுக்கு வழித்தார்கள். அதற்குப் பெயர் பிரேக் டான்ஸ் என்று சொன்னார்கள். அதுவும் ஹிப் ஹாப்பில் ஒரு பிரிவுதான் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஏழெட்டு வருடம் ஆனது.

கல்லூரியில் என்னோடு படித்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் ஒருவன்தான் தெரியப்படுத்தினான். அவனுடைய தாய்மாமா கப்பலில் சமையல் வேலை பார்த்தார். துறைமுகம் துறைமுகமாக வாங்கிய கேசட்டுகளை லீவில் வரும்போது கொண்டுவருவார். அவற்றில் பாதி ராப். நாங்கள் இருவரும் அவன் வீட்டு மாடியில் உட்கார்ந்து கேட்போம். ஒரு வார்த்தை விளங்காது. கெட்ட வார்த்தைகள் மட்டும் விளங்கும். அதனால் பாதிப் பாட்டு விளங்கிவிட்டது.

மீதிக்கு, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய ஆங்கில இசைப் பத்திரிகை ஒன்று உதவியது. அட்டை இல்லாத அந்தப் பத்திரிகையில் ஹிப் ஹாப்பின் வரலாறு இருந்தது. அமெரிக்காவில் ஒரு பெரிய நகரத்தின் ஏழைப்பட்ட பகுதி. ஒரு பெண், பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் புதுத்துணி எடுப்பதற்காக அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நுழைவுக் கட்டணம் வைத்து ஒரு விருந்து நடத்துகிறாள். அவளுடைய அண்ணன் இரண்டு ரெக்கார்டு பிளேயர்களை வைத்துக்கொண்டு, பாட்டில் கொட்டு மட்டும் வரும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறான். சனம் ஆடுகிறது. பிறகு தெருவிலேயே நடத்துகிறார்கள். தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கரண்ட் இழுக்கிறார்கள். அந்த வரலாற்றில் எனக்கு முதலில் பிடிபட்டது இந்தக் கம்பம்தான். கொக்கி போட்டு மைக்செட் ஓட்டுவதில் எங்கள் பக்கத்துத் திருவிழாக் கமிட்டிகளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கொட்டுக்கு மேல் பேச ஆரம்பித்தார்கள், பேச்சு எதுகையானது, எதுகை வசையானது, ஒருவனை ஒருவன் திட்டுவதே கலையானது என்று பத்திரிகை மேலும் சொன்னது. எங்களுக்குப் புல்லரித்தது. ஊர்த் திருவிழாவில் கரகாட்டக்காரர்கள் எசப்பாட்டுப் பாடி ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிட்டதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள்தான் நாங்கள். அப்போது கொட்டாவி விட்டோம். அதையே இங்கிலீஷில் திட்டியதும் புரட்சி என்றோம்.

கல்லூரி விழாவுக்கு நாங்களும் ஒரு ராப் எழுதினோம். எழுதினோம் என்பது அவன் சொல்வது. எழுதியவன் நான். விடுதி உணவக வடையைப் பற்றி இருபது வரி. விழாவுக்கு நான்கு நாள் முன்னால் எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டேன். அவன் தனியாக மேடையேறிப் பாடி, “சொல், மெட்டு, குரல் எல்லாம் நானே” என்று அறிவித்து, பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்கினான். பாத்திரக் கடைக்காரர் மகனுக்கு டிபன் கேரியர். நான் கீழாநெல்லியை விழுங்கிக்கொண்டு இதைக் கேள்விப்பட்டேன். ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று பிறகு கேட்டபோது, மேடையில் நின்றவனைத்தான் சனம் பார்க்கும், படுத்துக் கிடந்தவனை யார் பார்ப்பார்கள் என்றான். அன்றோடு பேச்சு நின்றது.

படிப்பு முடிந்து அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பாவின் பாத்திரக் கடையில் உட்கார்ந்தான். நான் ராஜபாளையத்தில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கேசட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தச் சமயம் கேபிள் டிவியில் மியூசிக் சேனல் வந்தது. அதில்தான் அமெரிக்காவின் கிழக்குக் கரை ராப் பாடகர்களுக்கும் மேற்குக் கரைப் பாடகர்களுக்கும் பகை முற்றியிருப்பது தெரிந்தது. முன்னொரு காலத்தில் நண்பர்களாக இருந்த இருவரே அதில் முன்னணியில் இருந்தார்கள். ஒருவன் பாட்டில் மற்றவனின் பெண்டாட்டியை இழுத்தான்.

என் கதையும் இதுதானே என்று நினைத்தேன். ராஜபாளையத்துக்கு வடகிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் இருப்பதால் அவன் கிழக்குக் கரை, நான் மேற்குக் கரை என்று முடிவு செய்தேன். இரண்டு ஊரும் ஒரே மலையின் அடிவாரத்தில், பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கின்றன. கடலைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு ஊர்க்காரர்களும் திருச்செந்தூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

கரைக்குத் தகுந்த உடுப்பு வேண்டும். தொளதொளப் பேன்ட் தைக்கச் சொன்னபோது, டெய்லர் இடுப்பை இரண்டு தடவை அளந்துவிட்டு, யாருக்குத் தைப்பது என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். காமாலை வந்த உடம்பு, தேறிவிடும் என்ற நம்பிக்கையில் கேட்கிறான் போலிருக்கிறது என்று சமாதானமாகித் தைத்துக் கொடுத்தார். கழுத்துக்குத் தடித்த சங்கிலி வேண்டும். தங்கத்துக்கு வழியில்லை. எங்கள் ஊரில் நல்ல கனமான சங்கிலி தாராளமாகக் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. நாய் வளர்ப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடை. பளபளப்பாக ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன்.

முதல் வசைக் கேசட்டை நான்தான் பதிந்தேன். கடையில் மத்தியானம் ஆள் வராத நேரத்தில் இரட்டை டெக்கில் வாயால் தாளம் போட்டுப் பதிந்து, அதற்கு மேல் பாடி மறுபடி பதிந்தேன். கடை முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஒருநாள் உள்ளே வந்து செத்த நேரம் நின்று கேட்டுவிட்டு, “ஏமிரா இதி, பாட்டா, சண்டையா?” என்றார். இரண்டும் என்றேன். வெற்றுக் கேசட் காசை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கேசட்டை அவனிடம் சேர்க்கச் சொல்லித் தனியார் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். அந்த பஸ்ஸில் டேப் ரிக்கார்டர் இருந்ததை யோசிக்கவில்லை, அல்லது யோசித்துத்தான் கொடுத்தேன். மில் ஷிப்டுக்குப் போகிறவர்களும் பூக்கூடைக்காரிகளும் கேட்கும்படி அவர் அதை ஓடவிட்டார். நான்காம் நாள் பதில் வந்தது. அவன் கடையில் இருந்த பித்தளை அண்டாவில் தாளம் போட்டிருந்தான். சத்தியமாக என் வாய்த் தாளத்தைவிட நன்றாக இருந்தது. கண்டக்டரும் அதையே சொன்னார். அதற்காக அவர் பஸ்ஸில் ஏறுவதை நான் ஒரு வாரம் நிறுத்தினேன்.

இப்படி ஏழெட்டுக் கேசட் போய் வந்த நிலையில், அமெரிக்காவில் மேற்குக் கரைப் பாடகரைச் சூதாட்டத்துக்குப் பேர்போன ஒரு நகரத்தில் காரில் வைத்துச் சுட்டார்கள். சில நாள் கிடந்து இறந்தார். நான் ஒரு வாரம் கறுப்புச் சட்டை போட்டேன். யார் தவறிவிட்டது என்று முதலாளி கேட்டதற்கு, தெரிந்தவர் என்றேன். எத்தனை வயது என்றார். இருபத்தைந்து என்றதும் உச்சுக் கொட்டி அரைநாள் லீவு கொடுத்தார். அந்த அரைநாளில் நான் செய்த காரியம், இந்தக் கொலைக்குக் கிழக்குக் கரையே பொறுப்பு என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு கேசட் அனுப்பியது. சுட்டதாக என்னால் குற்றம் சாட்டப்பட்டவன், அந்த நேரத்தில் குடங்களுக்கு ஈயம் பூசும் ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு மனிதன் செத்துப்போனான் என்பது எனக்குள் இறங்கவே இல்லை. எனக்கு ஒரு புதுப் பாட்டுக்குச் சரக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

தை மாதம் என் மாமா மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனின் பெரியப்பா மகள். பத்திரிகையைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. வரவேற்பு ராஜபாளையத்தில், மண்டபத்தில். மெல்லிசைக் குழுக்காரர் பஸ்ஸில் எங்கள் கேசட்டுகளைக் கேட்டவர். இரண்டு பேரும் மண்டபத்திலேயே இருப்பதைக் கண்டுபிடித்து, டிரம்ஸ்காரர் டிபன் சாப்பிட்டு வரும்வரை ஆளுக்கு ஐந்து நிமிடம் பாடலாம் என்றார். சாயங்காலம் ஏழு மணி இருக்கும். முன்வரிசையில் சம்பந்திகள் உட்கார்ந்திருந்தார்கள்.

அவன் முதலில் பாடினான். என் கழுத்துச் சங்கிலியை விரலால் காட்டினான்.

“நாயால பேரு வாங்குன ஊரு, ஒனக்கு என்னல பேரு?
பஞ்சு அடைச்ச காதுக்குள்ள பாட்டு எதுக்கு, கூறு.”

பெண் வீட்டு வாலிபர்கள் விசிலடித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவான என் மாமா பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் விளக்கியிருக்க வேண்டும். மாமா மேல்துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நான் அதைப் பார்க்கும் நிலையில் இல்லை. மைக்கைப் பிடுங்கினேன்.

“பால்கோவா தின்னு தின்னு நாக்குத் தடிச்சுப் போச்சு,
பாட்டுப் பாட வந்த வாயி கோணிக்கிட்டுப் போச்சு.”

அவன் முகம் சட்டென்று வெளிறியது. அடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இன்னொரு தடவை அதே வரிகளைப் பாடினேன். மண்டபத்தில் விசில் இல்லை, சத்தம் இல்லை. பெண்ணின் அம்மா பட்டுச்சேலையோடு மேடைப் படியேறி வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அதைக் கீழே தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“தம்பி, அவியளுக்கு வாய் இழுத்து எட்டு மாசமாச்சு. இப்பத்தான் நாலு வார்த்த பேசுதாவ. எறங்கிப் போங்க.”

அப்போதுதான் முன்வரிசையைப் பார்த்தேன். பெண்ணின் அப்பா வாயின் ஒரு ஓரத்தில் கைக்குட்டையை ஒற்றியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாதம் வந்தவர் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? மேடையிலிருந்து இறங்கும்போது என் தொளதொளப் பேன்ட் படியில் மாட்டியது. யாரும் சிரிக்கவில்லை.

பிறகு நடந்தது ராப் இல்லை. எங்களை நாய் என்றார்கள் என்று மாமாவும், எங்கள் அண்ணனைக் குத்திக்காட்டினார்கள் என்று பெண்ணின் சித்தப்பாவும் மோதிக்கொண்டார்கள். பந்தியில் பாதிப் பேர் இலையை விட்டு எழுந்தார்கள். மறுபாதி கேசரி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். மணமகள் அறைக்குள் அழுதாள். கடைசியில் இரண்டு வீட்டுப் பெண்களும் கூடிப் பேசி, முகூர்த்தம் நடக்கும், ஆனால் இந்த இரண்டு கிறுக்குப் பயல்களும் அங்கங்கே போய் மன்னிப்புக் கேட்டாக வேண்டும் என்று தீர்த்தார்கள். என் அத்தை, அந்தச் சங்கிலியைக் கழற்றி வாங்கி வாசல் கேட்டில் மாட்டினார்.

அவன் அன்றே என் மாமா காலில் விழுந்துவிட்டான். மறுவீட்டு நாளில் என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனதும் அவன்தான். பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்து போனோம். அவனுடைய பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் விழுந்து கும்பிட்டு, தெரியாமல் பாடிவிட்டேன் என்றேன். அவர் ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துப் பேசினார்.

“காது நல்லாக் கேக்கும். வாய்தான் இப்படி. அன்னைக்கு மைக்குல ஒரே எரைச்சல். திருப்பிப் பாடு.”

மாட்டேன் என்றேன். பாடு என்றார். அவன் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போட்டான். வாய் கோணிய ஒருவர் முன்னால், வாய் கோணியதைப் பற்றி நானே எழுதிய வரிகளை, தலையைக் குனிந்துகொண்டு பாடினேன். அதைவிட நீளமான இரண்டு வரிகளை இன்றுவரை நான் பாடியதில்லை.

“பால்கோவாதான் தப்பு. எனக்குச் சுகரு. தின்னு எம்புட்டோ வருசமாச்சு” என்றார். முகத்தின் ஒரு பாதி சிரித்தது. அவருடைய மனைவி காபி கொண்டுவந்து என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார். அந்த அம்மா என்னை மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ விசேஷங்களில் பார்த்துக்கொண்டோம். வாங்க என்ற ஒரு சொல்லுக்கு மேல் பேசியதில்லை. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

பங்குனி வெயிலில் ஒருநாள் அவன் பஸ் ஏறி என் கடைக்கே வந்தான். கேசட் அனுப்பவில்லை, ஆளாகவே வந்திருந்தான்.

“ஏலே, எங்காளையும் சுட்டுட்டானுவ. இவனும் கார்லதான்” என்றான்.

கிழக்குக் கரைப் பாடகர். மேற்குக் கரை நகரம் ஒன்றில், ஒரு விருந்து முடிந்து வரும்போது. முதலாமவர் இறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இவருக்கு இருபத்துநாலு வயது. எங்களைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட. அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கடையில் யாருக்காகவோ ஒரு பக்திப் பாட்டுக் கேசட் பதிவாகிக்கொண்டிருந்தது. நான் சத்தத்தைக் குறைத்தேன்.

“இப்ப யாருல ஜெயிச்சா?” என்று கேட்டான்.

டீ சொன்னேன். குடித்துவிட்டு, வடைப் பாட்டை எழுதினது நீதான் என்று தரையைப் பார்த்தபடி சொன்னான். அது எனக்கு ஏற்கெனவே தெரியும் என்றேன். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

சிடி வந்து கேசட் கடை படுத்தபோது நான் மில்லுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கப் போனேன். அவன் இப்போதும் பாத்திரம் விற்கிறான். கல்யாண வீடியோவிலிருந்து எங்கள் பத்து நிமிடத்தை வெட்டிவிட வேண்டும் என்று இரண்டு சம்பந்திகளும் ஒற்றுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் முதன்முதலாக ஒத்துப்போன விஷயம் அது. வெட்டிய இடத்தில் வீடியோக்காரர் தன் கைவசம் இருந்த அய்யனார் கோவில் அருவியை ஒட்டிவிட்டார். ஊரே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று அருவி விழுகிறது, மணமக்கள் படம் இதய வடிவத்தில் அதற்கு மேல் சுற்றுகிறது, பின்னணியில் நாதஸ்வரம். பார்க்கிறவர்கள் அது தேன்நிலவு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.