முதுகுவலி என்று பதிவான அடிவயிறு

போர்ட் பிளேரில் ஒரு மருத்துவமனையின் பதிவறையில் எனக்கு வேலை. டாக்டர்கள் எழுதும் நோய்க்குறிப்பைப் படித்து அதற்குரிய குறியீட்டு எண்ணைப் போடுவேன்; அதைப் பார்த்துத்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும்.

ஒரு நாள் காலை காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு ஃபைல் திரும்பி வந்தது. 'முதுகுவலிக்கு எதற்கு அடிவயிற்று ஸ்கேன்?' என்று கேள்வி. புரட்டினேன். ஒரு வருஷமாக முதுகுவலி என்றே பதிவு. முதுகுக்கு எக்ஸ்ரே, முதுகுக்குத் தைலம். புதிதாக வந்த பெண் டாக்டர் மட்டும் ஸ்கேன் எழுதியிருந்தார். நானாக எண்ணை மாற்றக்கூடாது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"நீ தமிழ்தானே? நீயே கேள்" என்று ஹிந்தியில் சொல்லி, வார்டுக்கு இழுத்துப்போனார்.

கட்டிலில், கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்திருந்த அக்கா.

"முதுகுல எந்த இடத்துலக்கா வலிக்குது?"

"முதுகா? முதுகு நல்லாத்தானே இருக்கு!"

"பின்ன?"

குரலைத் தாழ்த்தினார். "அடிவயித்துல, தங்கச்சி. சீட்டு எழுதுற இடத்துல ஆம்பிள இருந்தாரு. வெக்கமா போச்சு. கமர்ல தர்த்னு சொல்லிட்டேன்."

ஹிந்தியில் கமர் என்றால் இடுப்பு, தர்த் என்றால் வலி. சீட்டில் அது முதுகாகி, அடுத்தடுத்து வந்தவர்களும் அதைப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். விஷயத்தைச் சொன்னதும் டாக்டரும் சேர்ந்துகொண்டார்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டோம். வலப்பக்கம். மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்பே தொடங்கும், நடக்க விடாது. டாக்டர் அத்தனையையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் புது எண்ணைப் போட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் அனுமதி வந்தது.

ஸ்கேனில் வலது சினைப்பையில் கட்டி. "சாக்லேட் சிஸ்ட்" என்றார் டாக்டர்.

அக்கா என்னைப் பார்த்தார். "சாக்லேட்டா? நான் டீக்கே சீனி போடமாட்டேனே!"

பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். உள்ளே பழைய ரத்தம் தேங்கி சாக்லேட் நிறத்தில் இருப்பதால்தான் கட்டிக்கு அந்தப் பெயர். காரணம் தெரிந்துவிட்டால் வெறும் வலி என்று பதியக்கூடாது, நோயின் பெயரைத்தான் பதிய வேண்டும். அன்று அந்த எண்ணை அடித்தபோது கால் தரையில் நிற்கவில்லை. பக்கத்து மேஜை மலையாளிச் சேச்சியைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு மாதம் கழித்து கச்சாலிலிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, இந்த மாசம் வந்ததே தெரியல. கல்யாண வீட்டுல ஆடிட்டு வாரேன்!"