ஷாம்பு போட்டுக் குளித்த கூட்ஸ் பெட்டி

செந்தூர்பாண்டி வேன் ஓட்டுகிறவர். மல்லாங்கிணற்றிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் காலையில் ஆட்களை ஏற்றி, சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கொண்டுபோய் இறக்குவார். சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். இடையில் இருக்கிற பகல் முழுவதும் அவருக்குச் சொந்தம். மற்ற வேன் டிரைவர்கள் அந்தப் பகலைத் தூங்கியும் சீட்டாடியும் கழித்தார்கள். செந்தூர்பாண்டிக்குப் பகலில் தூக்கம் வராது. சீட்டில் உட்கார்ந்தால் தோற்காமல் எழுந்த நாள் கிடையாது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அவர் ரயில் பெட்டி செய்ய உட்கார்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒருநாள் காலை ரயில்வே கேட்டில் வேன் நின்றது. சிமெண்ட் ஏற்றிய கூட்ஸ் ஒன்று சிக்னல் கிடைக்காமல் கேட்டை மறித்துக்கொண்டு நின்றுவிட்டது. கூட்ஸ் வண்டியை அவர் பிறந்ததிலிருந்து பார்க்கிறார். ஆனால் எப்போது பார்த்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்குத்தான் ஒரு பெட்டி அவர் கண்ணாடிக்கு நேர் எதிரே வந்து அசையாமல் நின்றது. இரும்புச் சட்டங்கள், கதவின் கொண்டி, வெள்ளைப் பெயிண்டில் எழுதிய நம்பர், அடியில் தடித்த சுருள் ஸ்பிரிங். வேனுக்குள் பெண்கள் லேட்டாகிறதென்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும், இன்னும் கொஞ்ச நேரம் நிற்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பெட்டியைக் காலண்டர் அட்டையில் செய்தார். சிவகாசியில் அந்த அட்டைக்குப் பஞ்சமில்லை. செய்து முடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி அழகுமீனாவிடம் காட்டினார்.

"செருப்பு டப்பாவுக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்குங்க" என்றாள் அவள்.

அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. அதன் பிறகுதான் போனில் வீடியோ பார்த்துப் படிக்க ஆரம்பித்தார். உலகம் முழுக்க ஆட்கள் இதைச் செய்கிறார்கள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. நிஜ ரயிலை எண்பத்தேழு மடங்கு சுருக்கிச் செய்வது ஒரு கணக்கு. நிறையப் பேர் அந்தக் கணக்கில்தான் செய்கிறார்கள், கடையில் கிடைக்கிற தண்டவாளமும் அதற்கு ஏற்றதுதான். ஆனால் அது வெளிநாட்டு ரயிலுக்கான அகலம். நம் ஊர் அகலப்பாதை அதைவிட அகலமானது. அதே கணக்கில் சுருக்கினால் பத்தொன்பது மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அந்த அகலத்தில் தண்டவாளம் எந்தக் கடையிலும் இல்லை.

"கிடைக்கிறத வாங்கி ஓட்டு மாப்ளே. ரெண்டு மூணு மில்லி வித்தியாசத்த எவன் பாக்கப்போறான்?" என்றார் தவுபிக். விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர். செந்தூர்பாண்டியோடு ஒரே பெஞ்சில் படித்தவர்.

"நான் பாப்பேன்ல. அடுத்தவன் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும் மாப்ளே" என்றார் செந்தூர்பாண்டி.

ஆக, தண்டவாளத்தையும் கையாலேயே செய்வதென்று முடிவானது. ஸ்லீப்பர் கட்டைகளுக்கு, மருந்து முக்காத தீக்குச்சிகளை அளவாக நறுக்கி, டீ டிகாஷனில் ஊறவைத்துப் பழுப்பாக்கினார். தண்டவாளத்துக்கு மெல்லிய பித்தளைப் பட்டையைச் செங்குத்தாக நிறுத்தினார். மரக்குச்சியில் பித்தளையை ஈயம் வைத்து ஒட்ட முடியாது. அதற்கு வழி தவுபிக்கின் குப்பைத் தொட்டியில் இருந்தது. பழைய போன் சார்ஜர்களின் செப்புப் பலகையைக் குச்சி அளவுக்கு அறுத்து, நாலைந்து தீக்குச்சிக்கு ஒன்றாக இடையில் வைத்து, அதன்மேல் பட்டையை ஈயத்தால் பிடிக்க வைத்தார்கள். பட்டாசுக் கம்பெனி இருக்கிற திசையில் சூடான கம்பியைக் காட்டக்கூட முடியாது. அதனால் சால்டரிங் வேலை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் தவுபிக் கடையில் நடந்தது. அரை முழம் நீளம் முடிவதற்குள் தவுபிக்குக்கே வெறி பிடித்துவிட்டது. "இந்த எடத்துல ஒரு மயிரிழை அகண்டிருக்கு பாரு" என்று அவரே பிரித்துவிட்டு மறுபடி ஒட்டினார். ஜல்லிக்கு, கிரஷர் தூளை டீ வடிகட்டியில் சலித்தார்கள். அழகுமீனா புது வடிகட்டி வாங்கிக்கொண்டாள். பழையதைத் திருப்பிக் கேட்கவில்லை.

இரண்டாவது பெட்டி செருப்பு டப்பா மாதிரி இல்லை. உள்ளே காலண்டர் அட்டை, வெளியே மெல்லிய பிளாஸ்டிக் தகடு, அதன்மேல் சட்டம் சட்டமாக ஒட்டிய கீற்றுகள். சக்கரங்கள் கூரியரில் வந்தன. அவையும் ஒடுக்கமான பாதைக்கானவை. அச்சைக் கழற்றிவிட்டு, சாக்குத் தைக்கிற ஊசியை வெட்டிப் புது அச்சாகச் செருகி, சக்கரங்களை நம் அகலத்துக்குத் தள்ளி வைத்தார். செங்காவி நிறம் அடித்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் நம்பர் எழுதி, வேன் டேஷ்போர்டில் வைத்த அன்று, வேனே அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது.

"அச்சு அசலா இருக்குண்ணே!" என்றாள் முத்துச்செல்வி. கம்பெனியில் வெடிப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள். லேபிள் ஒரு நூல் சாய்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

முன் சீட்டில் எப்போதும் உட்காருகிற இருளம்மாள் வாங்கிப் பார்த்தாள். வேனில் எல்லாருக்கும் மூத்தவள் அவள். "ஏலே செந்தூரு, இது கொலுவுல வைக்கிற மாதிரில்ல இருக்கு" என்றாள்.

அதுதான் குறை என்று செந்தூர்பாண்டிக்குத் தெரியும். கொலுவில் வைக்கிற மாதிரி ஒரு கூட்ஸ் பெட்டியும் இந்தத் தண்டவாளத்தில் ஓடுவதில்லை. வெயிலும் மழையும் துருவும் சிமெண்ட் புழுதியும் ஏறினால்தான் அது பெட்டி. மறுநாளிலிருந்து அவர் அதை அழுக்காக்கத் தொடங்கினார். துருப்பிடித்த பழைய கதவைச் சுரண்டித் தூள் எடுத்தார். செங்கல் பொடி, அடுப்புக்கரி, சிமெண்ட் எல்லாவற்றையும் துணியில் சலித்து, மெல்லிய பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுத் தேய்த்தார்.

அதைப் பார்த்த இருளம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "எம்புட்டு அழகா இருந்துச்சு. எதுக்குலே இப்படிப் பாழாக்குற?"

"இது பாழில்ல பெரியம்மா. இதுதான் வேலையே" என்றார் அவர். அவள் நம்பவில்லை. வேலைப்பளுவில் இவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பின் சீட்டுக்காரிகளிடம் சொன்னாள்.

தூளெல்லாம் அப்பிய பிறகு, அது உதிராமல் இருக்க மேலே ஒரு பூச்சு அடிக்க வேண்டும். அந்தப் பூச்சு வாங்குவதற்குள் ஆயுதபூஜை வந்துவிட்டது.

அன்றைக்குக் கம்பெனியில் அரை நாள்தான். மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பூசணிக்காயும் வாழைக்கன்றும் வாங்க, வேனைக் கம்பெனி வாசலிலேயே விட்டுவிட்டு செந்தூர்பாண்டி பஜாருக்குப் போனார். திரும்பி வருவதற்குள் பெண்கள் சேர்ந்து வேனைக் கழுவி வைத்து அவரை ஆச்சரியப்படுத்திவிட வேண்டும் என்று இருளம்மாள் ஏற்பாடு செய்திருந்தாள். வேன் பளபளவென்று நின்றது. டயருக்குக்கூடப் பொட்டு. செந்தூர்பாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏறி உட்கார்ந்தவர் டேஷ்போர்டைப் பார்த்தார்.

கூட்ஸ் பெட்டி புதுசாக இருந்தது. ஒரு துளி துரு இல்லை, புழுதி இல்லை. நாலு பக்கமும் சந்தனம், அதன்மேல் குங்குமம், கூரையில் ஒரு சாமந்திப்பூ.

"அதுவும் வண்டிதானலே. அத மட்டும் அழுக்கா விட்டா நல்லாவா இருக்கும்? ஒரு ஷாம்பு பாக்கெட்டு போட்டு நானே குளிப்பாட்டிவிட்டேன்" என்றாள் இருளம்மாள் பெருமையாக.

செந்தூர்பாண்டி பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் உள்ளே இறங்கி அட்டை ஊறி, ஒரு பக்கச் சுவர் லேசாக உப்பியிருந்தது. பூசணிக்காயைச் சுற்றினார், உடைத்தார், எலுமிச்சம்பழத்தில் வண்டியை ஏற்றினார், ஊர் வரைக்கும் ஓட்டினார். எப்போதும் பாட்டுப் போடுகிற ஆள் அன்றைக்குப் போடவில்லை. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்பது பெண்களுக்குப் பாதி வழியிலேயே புரிந்துவிட்டது. என்ன தப்பு என்பதை இறங்கும்போது முத்துச்செல்விதான் அவர் வாயிலிருந்து பிடுங்கினாள். தீபாவளி முடிந்த பிறகு மதுரையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், ரயில் மாடல் செய்கிறவர்கள் கூடுகிறார்கள். தானும் வருவதாக அவர் சொல்லியிருந்தார். அங்கே கொண்டுபோய் வைக்கத்தான் பெட்டிக்கு அந்த அழுக்கை ஏற்ற இத்தனை பாடு.

இருளம்மாள் முகம் சுண்டிவிட்டது. "நான் என்னத்தக் கண்டேன். அழுக்குன்னா கழுவணும்னுதான எங்களுக்குத் தெரியும்" என்றாள்.

அவள் குரலைக் கேட்டதும் அவருக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. "விடுங்க பெரியம்மா. மறுபடி அழுக்காக்கிட்டாப் போச்சு" என்றார்.

மறுநாள் விடுமுறை. அதற்கடுத்த நாள் வேனில் ஏறும்போதே இருளம்மாள் சொல்லிவிட்டாள்: கேட்டில் கூட்ஸ் வந்தால் எல்லாரும் பார்க்க வேண்டும், யாரும் தூங்கக்கூடாது. அன்று வரவில்லை. அந்த வாரத்திலேயே ஒரு நாள் மெதுவாக ஊர்ந்து வந்தது. பெண்கள் முன் கண்ணாடியிலும் ஜன்னல்களிலும் குவிந்தார்கள்.

"அங்கன பாருங்கண்ணே, கதவுக்குக் கீழ மட்டும் வெள்ளையா வழிஞ்சிருக்கு."

"துரு எல்லா எடத்துலயும் இல்ல. சட்டம் சேருற மூலையிலருந்து கோடு கோடா எறங்குது."

"மேல வெளுத்துப்போயி, கீழ போகப் போகக் கருப்பா இருக்கு."

முத்துச்செல்விதான் கடைசியாகக் கத்தினாள்: "அண்ணே! அந்தப் பெட்டியோட சொவரு உப்பியிருக்கு! நம்மளது மாதிரியே!"

உண்மைதான். எத்தனையோ வருஷம் மூட்டை ஏற்றி இறக்கி, அந்த இரும்புச் சுவரே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. செந்தூர்பாண்டி ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். முதல் தடவை அவர் வீடியோவைப் பார்த்துப் பெட்டி முழுக்க ஒரே மாதிரி துருவை அப்பியிருந்தார். நிஜப் பெட்டியில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வோர் அழுக்கு இருக்கிறது என்பது அத்தனை கண்களும் சேர்ந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது.

இரண்டாவது தடவை அவசரப்படவில்லை. உப்பிய சுவரை அப்படியே விட்டுவிட்டார். துருவைத் தண்ணீரில் குழைத்து மூலைகளிலிருந்து கோடாக இறக்கினார். கதவுக்கு அடியில் சிமெண்ட் வழிசல். வேனில் வைத்ததும் ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். "இன்னும் கொஞ்சம் வழியணும்" என்று இருளம்மாள் இருமுறை திருப்பியனுப்பினாள். பூச்சு வாங்கி வந்த அன்றே அடித்துவிட்டார்.

தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி விடுமுறை விட்டது. மதுரைக்கு வேனில் போனார் செந்தூர்பாண்டி. தனியாகப் போகலாம் என்று நினைத்தார், நடக்கவில்லை. அழகுமீனா, தவுபிக், இருளம்மாள், முத்துச்செல்வி, இன்னும் பாதி வேன். கோயிலுக்கும் போய்விட்டு வந்த மாதிரி இருக்கும் என்று காரணம் சொன்னார்கள்.

ஹாலில் நீள நீளமான மேஜைகளில் மலை, சுரங்கம், பாலம் எல்லாம் வைத்திருந்தார்கள். எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. செந்தூர்பாண்டி தன் இரண்டு முழப் பாதையை ஓர் ஓரமாக வைத்து, அதன்மேல் பெட்டியை நிறுத்தினார். பார்த்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். ஓர் இளைஞர் ஆசையாகத் தன் எஞ்சினைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். சக்கரம் தண்டவாளத்துக்கு நடுவில் தொப்பென்று விழுந்தது. "சாரி சார், இது வேற அகலம் போல" என்று எடுத்துக்கொண்டு போனார். நான் அன்றைக்கே சொன்னேனே என்கிற மாதிரி தவுபிக் செந்தூர்பாண்டியைப் பார்த்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் வந்து நின்றார். கோவில்பட்டியில் பல் டாக்டர், பெயர் பால்பாண்டி. பெட்டியைப் பார்க்கவில்லை அவர். தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இது எம்புட்டு அகலம்?"

செந்தூர்பாண்டி சொன்னார். பல் டாக்டர் தோள் பையைத் திறந்து, பஞ்சில் சுற்றிய ஒரு டீசல் எஞ்சினை எடுத்தார். தகட்டில் தானே வெட்டி, பல் வைத்தியக் கருவிகளால் ராவி உருட்டிச் செய்தது. அதே அகலம். செய்து முடித்ததிலிருந்து, கிளினிக் மேஜையில் ஒட்டிய ஒரு முழப் பாதையில் முன்னும் பின்னும் மட்டும் ஓடியிருக்கிறது.

"வச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

எஞ்சின் தண்டவாளத்தில் உட்கார்ந்தது. தவுபிக் பேட்டரியின் இரண்டு கம்பிகளைத் தண்டவாளத்தில் தொட்டார். எஞ்சின் மெதுவாகப் பின்னால் வந்து பெட்டியை முட்டியது. கொக்கி மாட்டிக்கொண்டது. பிறகு அது பெட்டியை இழுத்துக்கொண்டு, தீக்குச்சிகளின் மேல், பாதையின் அந்தக் கோடி வரைக்கும் போனது. எந்த இடத்திலும் நிற்கவில்லை, குதிக்கவில்லை.

இருளம்மாள் போட்ட குலவைச் சத்தத்தில் ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"தகரத்துல செஞ்சதா இது? இம்புட்டு சின்னதா?" என்று முத்துச்செல்வி எஞ்சினைக் கேட்டாளா, டாக்டரைக் கேட்டாளா தெரியவில்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செந்தூர்பாண்டி அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார். அழகுமீனா கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை அன்று எல்லாரும் வேனுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பல் டாக்டர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பால்பாண்டி கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறி விருதுநகர் வருகிறார். தவுபிக் கடையின் பின்பக்கப் பெஞ்சில் மூன்று பேருமாக ஒரு பாயிண்ட் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு பாதை இரண்டாகப் பிரிகிற இடம் அது. கையால் செய்வதிலேயே கஷ்டமான வேலை. எஞ்சின் அந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் தடம் புரள்கிறது. மூன்று பேரும் குனிந்து பார்த்து, ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். போன் ரிப்பேருக்கு வருகிறவர்கள் உடைந்த டிஸ்பிளேயைக் கொடுத்துவிட்டு, இந்தத் தடவையாவது தாண்டுகிறதா என்று பெஞ்சை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.