அப்பாவின் குரல்

தன் கையை உடைத்தது மகள்தான் என்பதை அந்த அம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். போலீஸிடம் வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். இளைஞர் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட் கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அலறல் கேட்டுப் போலீஸைக் கூப்பிட்டது பக்கத்து வீட்டுக்காரர்கள்.

மகளுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் படித்தாள். வாலாஜாபாத்தில் இருந்த பெரியம்மா வீட்டில் அவளைத் தற்காலிகமாக விட்டுவிட்டு, அவளோடு பேசி அறிக்கை தரும்படி குழுமம் என்னிடம் கேட்டது. நான் உளவியலாளர். பெற்றோரை அடிக்கும் பிள்ளைகளின் வழக்குகள் என்னிடம் அடிக்கடி வரும்.

முதல் சந்திப்பில் அவள் ஒல்லியாக, வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தாள். "சாப்ட்டீங்களா மேடம்?" என்று என்னைக் கேட்டாள். அம்மாவைப் பற்றிப் பேசியபோது அழுதாள். 'அமைதியானவர், வருந்துகிறார், மீண்டும் நடக்க வாய்ப்பு குறைவு' என்று அன்றே எழுதி வைத்துவிட்டேன். வீட்டைப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

ஒரகடத்திலிருந்து உள்ளே தள்ளி, கம்பெனிச் சுவரை ஒட்டிய ஊர் அது. நான் போனபோது மாலை நான்கு மணி, நல்ல வெயில். அம்மா ஒரு கம்பெனியில் கார்களுக்கு வயர் கட்டும் லைனில் வேலை பார்ப்பவர். கையில் மாவுக்கட்டு இருந்ததால் லீவில் இருந்தார்.

உள்ளே போனதும் ஏதோ உறுத்தியது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த வீட்டில் சத்தமே இல்லை. கதவின் நாதாங்கி மேல் துணி சுற்றியிருந்தது. சமையல் மேடையில் ஒரு எவர்சில்வர் பாத்திரம்கூட இல்லை, எல்லாம் பிளாஸ்டிக். அந்த அம்மா சுவரில் முதுகை ஒட்டி, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். மிக மெதுவாகப் பேசினார். கால் மணி நேரம் கழித்துத்தான் நானும் கிசுகிசுத்துக்கொண்டிருக்கிறேன் என்று கவனித்தேன்.

ஐந்தரை மணிக்கு மெயின் ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்தார். ஃபேனை அணைத்தார். வாசலில் கிடந்த செருப்புகளை, என்னுடையதையும் சேர்த்து, வரிசையாக வைத்தார். பிறகு மூலையில் போய் நின்றுகொண்டார்.

"இன்னாங்க ஆச்சு?" என்றேன்.

"ஷிப்ட் வுட்டுட்டாங்க மேடம். கம்பெனி பஸ்ஸு வந்துச்சு."

"பொண்ணுதான் பெரியம்மா வீட்ல இருக்காளே?"

"அவ இல்ல மேடம். அவரு."

அந்த பஸ்ஸில்தான் கணவர் வேலையிலிருந்து திரும்புவார். அவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. லாரி மோதி, ஸ்பாட்டிலேயே.

"அவ அடிக்கறப்போ அவ கொரல்ல பேச மாட்டா," என்றார் அந்த அம்மா. "மொதல்ல ரெண்டு தபா இருமுவா. அவரு இருமற மாதிரியே. அப்புறம் அவரு கொரலு. அவரு திட்டற அதே வார்த்த. பேயின்னு சொல்றாங்க. கோயிலுக்குக்கூட இட்டுகினு போனேன். அது போவல மேடம். வூட்டுக்குள்ளதான் கீது."

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பஸ் ஸ்டாப் வரை திரும்பிப் பார்க்காமல்தான் நடந்தேன்.

அடுத்த வாரம், காலை பதினொரு மணிக்கு, என் அறையில் அவளிடம் இருமலைப் பற்றிக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்து இரண்டு முறை இருமினாள். கரகரத்த, ஐம்பது வயது ஆணின் இருமல். தொடர்ந்து அந்த ஒல்லியான உடம்பிலிருந்து, "யாருடி அங்க?" என்று ஒரு குரல் வந்தது.

என்னை அறியாமலே நாற்காலியைப் பின்னால் தள்ளியிருந்தேன்.

அவள் நிமிர்ந்தாள். "நீங்களும் பயந்துட்டீங்க," என்றாள், தன் சொந்தக் குரலில். உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்து, உடனே போய்விட்டது.

"எப்ப ஆரம்பிச்சுது இது?"

"அப்பா செத்து ஆறு மாசம் இருக்கும். அம்மா என்னைத் திட்டிகிட்டு இருந்தாங்க. சும்மா வெளையாட்டுக்கு இருமினேன். அம்மா கையில இருந்த தட்டு கீழ விழுந்துடுச்சு. செவுத்தோட ஒட்டி நின்னுட்டாங்க. சின்ன வயசுல இருந்து அப்பா இருமினா நானும் அப்படித்தான் நிப்பேன் மேடம், அம்மா பக்கத்துல. அன்னிக்குத்தான் மொத தடவ எதிர்ப்பக்கம் நின்னேன். நல்லா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப நான் கூப்புடாமலே வருது. நிறுத்தத் தெரியல."

எழுதி வைத்திருந்த அறிக்கையை அன்றே கிழித்தேன். அவள் அமைதியானவள் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது எனக்கே என்மேல் பயமாக இருந்தது. அவளைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்ப வேண்டாம், ஆனால் இப்போதைக்கு அம்மாவிடமும் அனுப்ப வேண்டாம் என்று புதிதாக எழுதினேன். குழுமம் ஏற்றுக்கொண்டது. பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்க வேண்டும், வாரம் ஒருமுறை என்னிடம் வர வேண்டும், நன்னடத்தை அலுவலர் ஒரு வருடம் கண்காணிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அந்தக் குரல் லேசில் போகவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பெரியம்மாவிடம் அவள் கோபப்பட்டபோது ஒரு முறை வந்தது. அதன்பின், கோபம் தொண்டைக்கு ஏறும்போதே எழுந்து வெளியே போய்விட அவள் பழகினாள். ரோட்டில் நின்று, தன் குரலில் சத்தமாகத் தன் பெயரைச் சொல்வாளாம். அம்மாவைப் பேச வைப்பது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. கணவர் அடித்ததைப் பற்றி அதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதவர். நான்காவது மாதம்தான் வாய் திறந்தார்.

பதினோரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, உள்ள வரட்டுமா?"

அடுப்பருகில் இருந்த அந்த அம்மா திரும்பவில்லை. குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது. பிறகு மெதுவாக நடந்து வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு மகளின் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"நீதானா?"

"நான்தாம்மா."

"இன்னொரு தபா சொல்லு."

"நான்தாம்மா."

அவர் நிலையிலிருந்து கையை எடுத்தார். "வா. சோறு ஆயிடுச்சு," என்றார்.