விண்கலத்துத் தண்ணீர்

எங்கள் வீட்டுக் குளியலறைக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தாங்கி ஒரு காலத்தில் விண்கலமாக இருந்தது. கறுப்புத் தாங்கிக்கு வெள்ளிப் பூச்சு அடித்து, சுற்றிவரச் சிவப்பு நிறத்தில் வட்ட யன்னல்கள் கீறியிருந்தார்கள். வெயிலும் மாரி மழையும் பட்டு வெள்ளி உரிந்துகொண்டு வருகிறது. யன்னல்களில் இரண்டு மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "உதென்ன மாஸ்ரர், பேரப்பிள்ளையள் கீறினதோ?" என்று கேட்பார்கள். ஓம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்லத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும். அதில் எனக்குப் பெருமை தரும் பகுதி அதிகம் இல்லை என்பதும் ஒரு காரணம்.

அந்த விண்கலத்தைச் செய்தவர் உரும்பிராய்ச் சந்திக்குக் கிட்டக் கடை வைத்திருந்த ஸ்ரூடியோக்காரர். ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் சொன்னோம். இங்கும் அப்படியே சொல்கிறேன். கலியாணவீடு, சாமத்தியவீடு எதுவென்றாலும் அவருடைய கமரா வந்து நிற்கும். அவர் எடுத்துக் கொடுக்கும் கலியாண வீடியோவில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் சந்திரனுக்குள்ளிருந்து இறங்கி வருவார்கள். தாலி கட்டும்போது பின்னால் கோள்கள் சுற்றும். "பொம்பிளைக்குப் பின்னாலை ஏன் தம்பி சனிக்கோள் நிக்குது?" என்று ஒருமுறை கேட்டேன். "வளையம் போட்டிருக்கிறதாலை அதுதான் வடிவு மாஸ்ரர். சனி எண்டு அவையளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

நான் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு ஊரில் ஒரு வேலை மிஞ்சும்: கலியாண அழைப்பிதழ், செத்தவர்களுக்கு அடிக்கும் கல்வெட்டுப் புத்தகம், வாழ்த்துமடல் எல்லாவற்றிலும் பிழை திருத்துவது. ஸ்ரூடியோக்காரரும் அப்படித்தான் ஒரு கட்டுத் தாள்களோடு என்னிடம் வந்தார். "கௌபோய்ப் படம் ஒண்டு எடுக்கப்போறன் மாஸ்ரர். அதுக்குள்ளை விண்கலமும் வருது."

"ரெண்டும் எப்பிடித் தம்பி ஒண்டாய் வரும்?"

"ஏன் வராது? ரெண்டிலையும் ஒருத்தன் வெட்டவெளியிலை தனிய நிக்கிறான்."

கதை சின்னது. ஒரு கௌபோயின் தம்பியை விண்கலம் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. அண்ணன் குதிரையில் பாலைவனமெல்லாம் அலைந்து, ஒரு றேடியோப் பெட்டியால் வானத்திலிருக்கும் தம்பியோடு கதைக்கிறான். இடுப்பில் தொங்கும் தோலுறைக்குள் துவக்கு இருக்க வேண்டிய இடத்தில் அந்த றேடியோதான் இருக்கும். துவக்கு இல்லாமல் கௌபோயா என்று கேட்டதற்கு, "இவ்வளவு நாளும் துவக்குப் பாத்தது காணும் மாஸ்ரர்" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

ஏன் இந்தப் படம் என்பதையும் அன்றைக்கே சொன்னார். அவருக்குக் கனடாவில் ஒரு தம்பி. இருவரும் இளவயதில் யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களில் கௌபோய்ப் படம் ஒன்றையும் விட்டதில்லை. இப்போது பல வருடங்களாகத் தம்பி கதைப்பதில்லை. "இதைப் பாத்தானெண்டால் கதைப்பான். அதுக்குத்தான் எடுக்கிறன்." என்ன கோபம் என்று நான் விசாரிக்கவில்லை. எங்கள் ஊரில் கதையாமல் இருப்பதற்குக் காரணம் கேட்பது, சாப்பிடுகிறவனின் கோப்பையை எட்டிப் பார்ப்பது மாதிரி.

படம் பிடித்தது மணற்காட்டில். கௌபோய் வேறு யாருமில்லை, ஸ்ரூடியோக்காரர்தான். வயிறு கொஞ்சம் முன்னால் வந்த கௌபோய். தன் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த தாங்கியை லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்து மணல்மேட்டில் இறக்கினார்கள். அதன் மூடியைத் தள்ளிக்கொண்டு வேற்றுக்கிரகவாசி தலையை நீட்ட வேண்டும். அதற்கு ஒப்புக்கொண்ட மெலிந்த மேசன் ஒருவர், வெளியே வந்ததும் வசனத்தை மறந்து, "உள்ளுக்கை அவிச்சல் தாங்கேலாது" என்றார்.

குதிரைதான் பெரும்பாடு. நெடுந்தீவில் குதிரைகள் தன்பாட்டில் திரிகின்றன. ஆனால் அவற்றைத் தீவை விட்டுக் கொண்டுவர விடமாட்டார்கள். கடைசியில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் வெள்ளைக் குதிரை ஒன்று கிடைத்தது. கலியாணத்தைத் தவிர வேறொன்றும் அறியாத குதிரை. மேளம் கேட்டால் நடக்கும்; நின்றால் நிற்கும். கால்மணி நேரம் எல்லோரும் கெஞ்சியும் அது அசையவில்லை. பிறகு ஸ்ரூடியோக்காரர் தன் கலியாண வீடியோ ஒன்றிலிருந்த நாதஸ்வரத்தைக் கைத்தொலைபேசியில் போட்டு ஒருவரிடம் கொடுத்தார். அவர் அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, குதிரை பின்னால் அன்னநடை நடந்தது. விண்கலத்தைத் துரத்தும் காட்சி அதுதான். பின்னர் கணினியில் அதை வேகமாக்கியபோது குதிரையின் கால்கள் தையல் மெசின் ஊசி மாதிரிக் குத்திக்கொண்டு போயின. படம் பிடித்த அன்றைக்கு நான் மணலில் குடை பிடித்துக்கொண்டு இருந்து சிரித்தேன். எனக்கு அப்படியொரு சந்தோசமான நாள் ஓய்வு பெற்ற பிறகு வந்ததில்லை.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். அவர் தந்த தாள்களில் கௌபோய் றேடியோவைப் பிடித்துக்கொண்டு தம்பியிடம் கேட்பது இப்படி இருந்தது: "உங்கை மழையோ? உங்கை தண்ணி நல்லதோ? உங்கை கதைக்கிறதுக்கு ஆரும் இருக்கினமோ?" நான் சிவப்புப் பேனையை எடுத்து எல்லாவற்றையும் வெட்டினேன். "அங்கே மழை பொழிகிறதா? அங்கே நீர்வளம் எப்படி? அங்கே உன்னுடன் பேச யாரேனும் உண்டா?" என்று எழுதினேன். எழுதிவிட்டு உரத்து வாசித்தும் காட்டினேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "மாஸ்ரர், 'உங்கை' எண்டதை மட்டும் விடேலாதோ?"

"படமெண்டால் எல்லாருக்கும் விளங்கவேணும் தம்பி. இந்தியாவிலை பாக்கிறவனுக்கு 'உங்கை' எண்டால் என்னெண்டு தெரியும்? உதெல்லாம் வீட்டுப் பேச்சு."

"நீங்கள் சொன்னால் சரி மாஸ்ரர்" என்றார்.

இதை வாசிக்கும் வெளியூர்க்காரருக்கு ஒரு விளக்கம். எங்களுக்கு 'இங்கை' என்றால் கதைக்கிறவன் இருக்கும் இடம். 'அங்கை' என்றால் இருவருக்கும் தூரமான இடம். 'உங்கை' என்றால் கேட்கிறவன் இருக்கும் இடம். என்னிடமிருந்து தள்ளி, ஆனால் உன்னோடு ஒட்டி. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து என்று கரும்பலகையில் எழுதி, உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். நான் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே யன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடக் காவலாளி, "உங்கை என்ன சத்தம்?" என்று பிள்ளைகளை அதட்டுவார். இரண்டும் என் காதில் விழும். இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை.

ஆனால் அறியாமையால் மட்டும் வெட்டினேன் என்று சொன்னால் அது பொய். படத்தின் தொடக்கத்தில் 'வசனத் திருத்தம்' என்று என் பெயர் வரப்போகிறது. நாலு ஊர் பார்க்கும் படத்தில் என் பெயருக்குக் கீழே நாங்கள் கிணற்றடியில் கதைக்கிற மாதிரிப் பாத்திரங்கள் கதைப்பதை நான் விரும்பவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் பேனையைப் பிடித்தது.

சனசமூக நிலைய மண்டபத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் படம் போட்டார்கள். கதிரை போதாமல் ஆட்கள் சுவரோடு நின்றார்கள். குதிரை வந்தபோதே சிரிப்பு வந்தது. அது அன்பான சிரிப்பு. தாங்கி வந்தபோது, "மூடியைக் கவனம், நுளம்பு போய்த் தண்ணியிலை முட்டை போடும்!" என்று ஒருவர் சொன்னார். அதையும் ஸ்ரூடியோக்காரர் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டார். பிறகு அந்தக் காட்சி வந்தது. மணல்மேட்டில் தனியே நிற்கிறார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, றேடியோவை வாயருகே கொண்டுபோகிறார். முகத்தில் என்னவோ ஒன்று வந்து நிற்கிறது. மண்டபம் அமைதியாகிவிட்டது. "அங்கே நீர்வளம் எப்படி?" என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அண்ணை, உவர் ஆரோடை கதைக்கிறார், நீர்ப்பாசன மந்திரியோடையோ?" மண்டபம் வெடித்தது. "உங்கை சிக்னல் இல்லைப் போலை!" என்று இன்னொருவர். அதற்குப் பிறகு யாரும் படம் பார்க்கவில்லை. நானும் சிரித்தேன். எனக்கு முன்னால் இருந்த ஸ்ரூடியோக்காரர் திரும்பவில்லை. அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது.

நேர்மையாகச் சொன்னால் அது நல்ல படமில்லை. வெளிச்சம் பிழை, சத்தம் பிழை, விண்கலம் பறக்கும்போது கட்டியிருந்த நைலோன் கயிறு தெரிந்தது. எந்த வசனத்தாலும் அதைத் தூக்கி நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் அந்த ஒரு காட்சி நன்றாக இருந்திருக்கும். அதை நான் கெடுத்தேன்.

அடுத்த கிழமை இரண்டாவது முறை போட்டபோது என் பெயர் இல்லை. நான் கேட்கவில்லை; அவர்தான் எடுத்திருந்தார். என்னைச் சிரிப்பிலிருந்து காப்பாற்றியிருக்கிறார். நான் என்ன செய்தேன்? நிம்மதிப்பட்டேன். வாசிகசாலையில் ஆட்கள் அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபோது, அதை எழுதியது நான் என்று வாய் திறக்கவில்லை. அவர் படத்தை இணையத்தில் போட்டுத் தம்பிக்கும் அனுப்பினார். தம்பி கதைக்கவில்லை.

ஒரு மாரி கழிந்தது. நோர்வேயிலிருக்கும் என் மகள் ஒருநாள் தொலைபேசி எடுத்தாள். "உங்கை குளிரோ பிள்ளை? உங்கை இப்ப என்ன நேரம்?" என்று கேட்டேன். கேட்ட பிறகு அப்படியே நின்றுவிட்டேன். "அப்பா, கேக்குதோ?" என்று அவள் மூன்றுதரம் கூப்பிட்டாள். வருடக்கணக்காக என் பிள்ளையை நான் அந்த ஒரு சொல்லால் பிடித்து வைத்திருக்கிறேன். அவளிடம் 'அங்கே' என்று கேட்டிருந்தால், அவளுக்கும் எனக்கும் சொந்தமில்லாத மூன்றாவது இடம் ஒன்றைப் பற்றி விசாரிப்பதாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலையே ஸ்ரூடியோவுக்குப் போனேன். யாருக்கோ கடவுச்சீட்டுப் படம் வெட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, உம்முடைய படத்தைக் கெடுத்தது நான்" என்றேன். வாசிகசாலையில் வாய் மூடியிருந்ததையும் சொன்னேன்.

அவர் கத்தரிக்கோலை வைத்தார். "படமே சரியில்லை மாஸ்ரர், ஒரு சொல்லாலை என்ன?" என்றவர், வெட்டிய படங்களை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "அம்மா செத்தபோது தம்பியாலை வரேலாமல் போச்சு. விசாச் சிக்கல். எனக்கு அது விளங்கேல்லை. போனிலை, 'அப்ப நீ உங்கையே கிட' எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன். அதுதான் கடைசிக் கதை. அதே சொல்லை அவனுக்கு நல்ல விதமாய் ஒருக்காச் சொல்லவேணும் எண்டு இருந்தது."

"இதை ஏன் ஐசே எனக்கு அண்டைக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் தமிழ் வாத்தியார். நான் என்னெண்டு சொல்லுறது?"

அன்றைக்கே கதவைச் சாத்தினோம். சத்தம் கேட்குமென்று மின்விசிறியையும் நிற்பாட்டினோம். வேர்த்து ஒழுக ஒழுக அவர் அந்தக் காட்சிக்குப் புதிதாகக் குரல் கொடுத்தார். தாள் பார்க்கவில்லை. "உங்கை மழையோ? உங்கை தண்ணி நல்லதோ?" உதடு வேறு, சத்தம் வேறாகத்தான் இருந்தது. நான் ஒன்றையும் திருத்தவில்லை. முடிந்ததும், "என்ரை பேரைத் திரும்பப் போடும். வசனத்தைக் கெடுத்தவர் எண்டு போடும்" என்றேன். அவர் அன்றைக்குத்தான் பழையபடி சிரித்தார். அந்தத் துண்டை மட்டும் தம்பிக்கு அனுப்பினார்.

சில நாட்களின் பின் அவருடைய மோட்டார் சைக்கிள் எங்கள் வாசல் படலையில் வந்து நின்றது. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"கதைச்சிட்டான் மாஸ்ரர்!"

"என்ன சொன்னவன்?"

"'அண்ணை, உந்தக் குதிரை ஆருடையது?' எண்டு கேட்டான்."

தலைக்கவசத்துக்குள்ளே சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு அம்மாவைப் பற்றிக் கதைத்தார்களாம், தொலைபேசி சூடாகும்வரை.

இப்போது அவர் கனடாவில் தம்பியோடு இருக்கிறார். புறப்படும்போது தாங்கியை என் வீட்டில் இறக்கினார். "ஒருநாளும் ஒழுகாது மாஸ்ரர், விண்வெளிக்குப் போய்வந்தது" என்றார். பூச்சைச் சுரண்டிவிடவா என்று மேசன் கேட்டார், வேண்டாம் என்றேன். படத்தை இப்போதும் யாராவது பார்த்துவிட்டுச் சிரித்து எழுதுகிறார்கள் என்று மகள் சொல்கிறாள். வாசிகசாலையில் பேச்சு வந்தால் அந்த நீர்வளம் என்னுடையது என்று நானே சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு யாரும் அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

போன கிழமை காலையில் மோட்டரைப் போட்டுவிட்டுக் குளியலறை வாசலில் நிற்கும்போது அவர் கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்தார்.

"விண்கலம் என்ன மாதிரி மாஸ்ரர்?"

"வெள்ளி உரியுது. தண்ணி நல்லாய் வருது."

"தம்பி கேக்கிறான், குதிரை இன்னும் இருக்கோவாம்."

"தை பிறந்திட்டுதெல்லோ, முகூர்த்தத்துக்கு மேலை முகூர்த்தம். அதுக்கு ஓய்வில்லை. உங்கை என்ன, மழையோ?"

"ஸ்னோ மாஸ்ரர். மணற்காடு மாதிரிக் கிடக்கு, வெள்ளையாய். குதிரைதான் இல்லை." பிறகு அவரே கேட்டார்: "உங்கை என்ன சத்தம்?"

அண்ணாந்து பார்த்தேன். இரண்டு சிவப்பு யன்னல்களுக்கு மேலால் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"விண்கலம் நிரம்பியிட்டுது. நில்லும், மோட்டரை நிப்பாட்டிப்போட்டு வாறன்" என்றேன்.