போவிட்டியா இலையும் சிவப்புத் துணியும்

என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அவர் கண்ணைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்து, ஓய்வாக இருக்கச் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் தோட்டத்து லய வீடுகளில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: போவிட்டியா இலைக் கஞ்சி. இலங்கையில் மட்டுமே முளைக்கிற செடி, ஊதாப் பூப் பூத்துத் தேயிலைக்கு நடுவே நிற்கும். களை என்று நானே எத்தனையோ பிடுங்கி எறிந்திருக்கிறேன். தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றைக்கூடக் காணோம்.

மூன்றாம் நாள் கொழுந்து எடுத்துவிட்டு வரும்போது மேல்மலை ரோட்டோரம் ஒரு புதர் கண்ணில் பட்டது. கொழுந்துக்காரி கை அல்லவா, நுனி நுனியாக மடி நிறையக் கிள்ளிவிட்டேன். காலடியில் சிவப்புத் துணிக் கிழிசல் ஒன்று கிடந்தது. அதிலேயே கட்டி எடுத்து வந்தேன்.

கஞ்சியை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அடுத்த வீட்டு அண்ணன் அவரைப் பார்க்க வந்திருந்தார். தோட்டத்தில் களைக்கொல்லி தெளிக்கிறவர். வாசலில் கிடந்த துணியைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"தங்கச்சி, இத எங்க எடுத்த?"

"மேமலை ரோட்டுலதாங்கண்ணே."

"காலையில நான்தான் குச்சியில கட்டி வச்சேன். அங்க மருந்து அடிச்சிருக்கு."

தெளித்த இடத்தில் சிவப்புத் துணி கட்டுவது எங்களுக்குத் தெரியாததா? குச்சியில் இருந்திருந்தால் கிட்டவே போயிருக்க மாட்டேன். கீழே கிடந்ததால் வெறும் கந்தல் என்று நினைத்தேன். பாவி, என் கையாலேயே கொடுத்துவிட்டேனே.

உள்ளே ஓடினேன். தம்ளர் காலி.

"குடிச்சிட்டீங்களா?"

"ம்."

விஷயத்தைச் சொல்வதற்குள் அழுதுவிட்டேன். அண்ணன் ஆட்டோ பிடிக்க ஓடினார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கோவப்படாத புள்ள. கசப்பு தாங்கல. ஜன்னலால ஊத்திட்டேன்."

"சத்தியமா?"

"ஒன் மேல சத்தியமா."

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே கஞ்சிப் பருக்கை கிடந்தது. ஆனால் ஊற்றியது முழுத் தம்ளரா, அரைத் தம்ளரா என்று மண் சொல்லுமா? பதுளை வரைக்கும் ஆட்டோவில் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு போனேன். வார்டில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள்.

காமாலையும் இறங்கி, அவர் வேலைக்குப் போகிறார். இப்போது தேத்தண்ணி என்றாலும் முதல் மிடறு நான் குடித்துவிட்டுத்தான் அவருக்குக் கொடுக்கிறேன். அவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.