பிரேக்கில் பிடித்துக்கொண்ட இடுப்பு

கால்பந்து பார்ப்பவர்களுக்கு வருஷத்தில் சில முறை வரும் ஒரு நோய் உண்டு. இன்டர்நேஷனல் பிரேக் என்று அதற்குப் பெயர். லீக் அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். நம் கிளப் நாலு மேட்ச் ஒழுங்காக ஆடியிருக்கும், நாமும் ஆபீசில் கொஞ்சம் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்திருப்போம். உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆட்டக்காரர்களை இரண்டு வாரத்துக்கு அவரவர் நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே யாருக்கும் வேண்டாத ஒரு நட்பு ஆட்டத்தில் நம் நடுக்கள வீரன் தொடையைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்காருவான். நட்பு ஆட்டமாம். எந்த நண்பன் இப்படிச் செய்வான்?

இதைப் பற்றி நான் எப்போதும் நீளமாகப் பேசுவேன். ஒரு மனுஷன் வாரத்துக்கு எத்தனை ஆட்டம் தாங்குவான், எப்போது ஓய்வு தர வேண்டும், எந்தப் பயிற்சியாளருக்கு மூளை இல்லை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. என் சொந்த ஆட்ட அனுபவம் ஆபீஸ் டர்ஃபில் ஒரே ஒரு மாலைதான். வார்ம்-அப்பிலேயே கெண்டைக்கால் பிடித்து, விசில் ஊதும் முன்பே வெளியே கூட்டிப்போகப்பட்டவன் நான். ஆனாலும் உடற்தகுதி பற்றி என்னிடம் யோசனை கேட்காமலே கிடைக்கும்.

நாங்கள் மேட்ச் பார்ப்பது பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு டீக்கடையில். போனிலேயே பார்க்கலாமே என்பார்கள். பார்க்கலாம். ஆனால் கோல் விழுந்ததும் பக்கத்தில் இருப்பவன் தொடையில் அடிக்க முடியாது. கடை பாய் நல்ல மனுஷர். சுவரோரமாக ஒரு பெஞ்ச், அதற்கு நேர் எதிரே டிவி. லீக் ஆரம்பித்ததிலிருந்து அந்த மூலை எங்களுடையது. எங்கள் கோஷ்டியில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒன்று, ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து அடுகோடியில் குடியிருக்கும் நான். இன்னொன்று, ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்த என் நண்பன். மற்றவர்கள் கோல் அடித்தால் வருவார்கள், வாங்கினால் போய்விடுவார்கள்.

அந்த மூலைமேல் வேறு ஒருவருக்கும் கண் இருந்தது. மார்க்கெட்டில் கோழிக்கடை வைத்திருக்கும் ஒருவர், அவரும் அவர் ஆட்களும் கபடி ரசிகர்கள். பிரேக் ஆரம்பித்த அன்றைக்கே அவர் பாயிடம் போய், இவர்களுக்குத்தான் மேட்ச் இல்லையே, டிவியை எங்களுக்கு விடுங்கள் என்று நியாயம் கேட்டிருக்கிறார். பாய் தாடியைத் தடவிக்கொண்டு எங்களுக்கு ஆள் அனுப்பினார். நாங்கள் போனதும் தீர்ப்பு சொன்னார்.

"ஃபுட்பால் இல்லேன்னா அவங்களுக்கு. இருந்தா உங்களுக்கு. ஆனா ஒரு தரம் கை மாறிச்சுன்னா சீசன் முடியற வரைக்கும் மாறினதுதான். தினம் தினம் என்கிட்ட பஞ்சாயத்து நக்கோ, வேணாம்."

பிரேக் முடிந்து வரும் முதல் சனிக்கிழமை எங்களுக்கும் பரம எதிரி கிளப்புக்கும் மேட்ச். அதற்காகத்தான் நான் மாதக்கணக்கில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அதை அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்க்காமல் எங்கே போய்ப் பார்ப்பது? ஆகவே வாயைத் திறந்தேன்.

"பாய், ஃபுட்பால் எப்ப இல்லாம போச்சு? தினமும் இருக்கு. நாடுங்க ஆடுறாங்க. அதான் பாய் நிஜமான ஃபுட்பால்."

என் நண்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். முந்தின வாரம்தான் அதே பெஞ்சில் நின்றுகொண்டு, இந்த நாட்டு ஆட்டங்களையெல்லாம் தடை செய்ய வேண்டும் என்று நான் சொற்பொழிவு செய்திருந்தேன்.

பாய், அப்ப தினமும் வந்து பாருங்க, பெஞ்ச் காலியா இருந்தா அவங்களுக்குத்தான் என்றார். அப்படித்தான் சாயங்காலமானால் அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து, டிவியில் வரும் எந்த நாட்டு ஆட்டத்தையும் ஆசையோடு பார்க்க வேண்டிய நிலைமைக்கு வந்து சேர்ந்தேன். நண்பன் அன்றைக்கே ஒரு நல்ல யோசனை சொன்னான். ஆளுக்கு ஒரு நாள் உட்காரலாம், மற்றவர்களையும் முறை வைத்துக் கூப்பிடலாம் என்றான். ரொட்டேஷன். ஊரில் உள்ள பயிற்சியாளர்கள் எல்லாம் செய்யத் தவறுகிறார்கள் என்று நான் கத்தும் அதே ரொட்டேஷன். முடியாது என்றேன். மற்றவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருவன் போன் வந்தால் வெளியே போய்விடுவான், ஒருவனுக்குக் கபடிக்காரர்களைப் பார்த்தாலே பயம். நண்பனே சிக்கன் ரோல் வாசனை வந்தால் எழுந்துவிடக்கூடியவன்.

"மச்சா, தினமும் நீயே ஆடுனா செத்துருவ."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் ஃபிட்டு," என்றேன்.

இதற்கு நடுவில் இன்னொரு சிக்கல். எங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தம் உண்டு. லீக் நடக்கும் சனிக்கிழமை மாலை எனக்கு. பிரேக் வந்துவிட்டால் நான் முழுசாக வீட்டுக்கு. பெங்களூரிலேயே இன்டர்நேஷனல் பிரேக்கை ஆசையாக எதிர்பார்க்கும் ஒரே ஜீவன் என் மனைவிதான். எப்போது வருகிறது என்று எனக்கு முன்னால் அவள் போனில் குறித்து வைத்திருப்பாள். பரண் சுத்தம் செய்வது, பீரோவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்துவது, அது நன்றாக இல்லை என்று திரும்ப இந்தச் சுவருக்கே நகர்த்துவது, எல்லாம் பிரேக்கில்தான். நாடு கூப்பிட்டால் போக வேண்டும். கிளப் காரணம் சொன்னால் எடுபடாது.

அதனால் காலையில் பீரோ, பகலில் ஆபீஸ், மாலையில் பெஞ்ச். நடுவே அடுகோடியிலிருந்து சிவாஜிநகருக்கு வண்டி. என் கிளப் வீரன் தென் அமெரிக்காவுக்குப் பறந்து போய் ஆடிவிட்டு வருகிறானே என்று பரிதாபப்பட்டிருக்கிறேன். அவனுக்காவது விமானத்தில் காலை நீட்டித் தூங்க இடம் தருவார்கள். ஓசூர் ரோடு சிக்னலில் எனக்குக் கால் ஊன்றத்தான் இடம் இருந்தது.

பெஞ்சின் கதை தனி. முதுகு சாய வழி இல்லை. சுவர் இருக்கிறதே என்றால், சுவருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் பாய் கூல்டிரிங்ஸ் கிரேட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். எழுந்திருக்கவும் கூடாது. எதிர் மேஜையில் கோழிக்கடைக்காரர் தினமும் வந்து உட்கார்ந்துவிடுவார். டிவியைப் பார்க்க மாட்டார், என்னைத்தான் பார்ப்பார். ஒருநாள் ஹெல்மெட்டை பெஞ்சில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் வரலாம் என்று எழுந்தேன். பாய் கல்லாவிலிருந்து, ஹெல்மெட் மேட்ச் பார்க்குமா என்று கேட்டார். திரும்ப உட்கார்ந்தேன். பெஞ்சைச் சும்மா ஆக்கிரமிக்கக்கூடாது என்பதற்காக ஒன்றன்பின் ஒன்றாக டீ வேறு குடித்தாக வேண்டும். அந்த நிலைமையில் ஒரு மனுஷன் இடைவேளைக்காக எப்படிக் காத்திருப்பான் என்று விளக்க வேண்டியதில்லை.

அதைவிடக் கொடுமை நடிப்பு. மலை உச்சியில் இருக்கும் ஏதோ ஒரு குட்டி நாடும், கடலோரத்தில் இருக்கும் இன்னொரு குட்டி நாடும் கோலே அடிக்காமல் ஆடிக்கொண்டிருக்கும். நான் கைதட்ட வேண்டும். கோழிக்கடைக்காரர் சந்தேகமாகக் கேட்பார். பெங்களூர் வழக்கப்படி அவருக்கு எல்லோருமே குரு.

"குரு, இது உங்க டீமா?"

"ஆமாண்ணா."

"நேத்து வேற கலர் சட்டை போட்டிருந்தாங்களே?"

"அது வெளியூர் மேட்சுக்குப் போடுற அவே சட்டைண்ணா."

"நேத்து தோத்தாங்க, இன்னிக்கும் பால் எடுக்க மாட்டேங்கறாங்க. எதுக்கு குரு இப்படிப்பட்ட டீமைப் புடிச்சீங்க?"

ஒருநாள் நம் நாடே ஆடியது. அன்றைக்கு நான் கூப்பிடாமலே கடை நிறைந்துவிட்டது. கோழிக்கடைக்காரர் மேஜையைத் தட்டித் தட்டிக் கத்தினார். நடுவில் திரும்பி, நம்ம பசங்க ஓடுறாங்க, நீங்க எதுக்குக் கொட்டாவி விடுறீங்க என்று கேட்டார். சத்தியமாக, அது சலிப்பு இல்லை, தூக்கம். அவசரமாக நானும் பெஞ்சைத் தட்டிக் கத்தினேன்.

பிரேக் முடியும் தறுவாயில் என் நடுக்கள வீரன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த செய்தி வந்தது. நான் பாய் கடையில் எழுந்து நின்று ஏசினேன். தினமும் ஒரே ஆளை இறக்குகிறானே, அவன் நாட்டுப் பயிற்சியாளனுக்கு மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டேன். ஏசி முடித்து உட்காரும்போது என் இடுப்பில் ஏதோ சுருக்கென்றது. இந்த இரண்டு விஷயங்களையும் சேர்த்துப் பார்க்கும் அறிவு அப்போது எனக்கு வரவில்லை. பெஞ்ச் மட்டும் தப்பிவிட்டது. பாய், சரி, சனிக்கிழமை உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். கோழிக்கடைக்காரரும் பெருந்தன்மையாக என் கையைக் குலுக்கினார். நான் ஜெயித்துவிட்டேன்.

சனிக்கிழமை விடிந்தது. மேட்ச் மாலை ஐந்து மணிக்கு. குளித்து, கிளப்பின் சிவப்புச் சட்டையை எடுத்துத் தயாராக வைத்தேன். மனைவி சமையலறையிலிருந்து, தண்ணி கேன் வந்திருக்கு, மாத்திவிட்டுப் போ என்றாள். பிரேக் முடிந்துவிட்டது என்று வாதாடியிருக்கலாம். நல்ல மனநிலையில் இருந்தேன். குனிந்தேன், கேனைத் தூக்கினேன், பாதி உயரத்தில் அப்படியே நின்றுவிட்டேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. மனைவி வந்து முதலில் கேனை வாங்கினாள், பிறகுதான் என்னை.

சாயங்காலம் நான் ஒருக்களித்துக் கிடக்கிறேன். இடுப்பில் வெந்நீர் பை. நண்பன் போன் செய்தான். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, என்ன பண்ணி வெச்சீங்க அவன? நாங்க அனுப்பும்போது நல்லாத்தானே வந்தான்."

"எங்க நல்லா வந்தாரு? உங்க கடை பெஞ்சுல தினமும் உக்கார வெச்சு, வரும்போதே நொண்டிட்டுதான் வந்தாரு. நான் ஒரு கேன்தான் தூக்கச் சொன்னேன்."

"அந்த பீரோ, அண்ணி?"

"பீரோவைத் தள்ளினது போன வாரம். அது இதுல வராது."

கிளப் நாட்டைக் குறை சொல்கிறது, நாடு கிளப்பைக் குறை சொல்கிறது. நடுவில் அடிபட்டவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருஷமாக நான் டிவியில் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்த சண்டை என் கட்டிலுக்கு மேலேயே நடந்துகொண்டிருந்தது.

போனில் தனியாகப் பார்க்க எனக்கு மனசில்லை என்று தெரிந்து, நண்பன் கடையிலிருந்து வீடியோவில் மேட்ச் காட்டுவதாகச் சொன்னான். காட்டினான். பாயின் தாடி தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது, டிவியில் பச்சையாக ஏதோ அசைந்தது. பிறகு போன் சாய்ந்ததில் பெஞ்ச் தெரிந்தது. என் இடத்தில் கோழிக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். பழக்க தோஷத்தில் வந்தாராம். பெஞ்ச் காலியாகத் தெரியக்கூடாது என்று நண்பன்தான் பிடித்து உட்கார வைத்திருக்கிறான். அவருக்குச் சட்டம் எதுவும் தெரியாது, ஆனால் எதிரி அணிக்காரன் பந்தைத் தொட்டாலே, புடி, புடி, காலைப் புடி என்று கத்தினார். என் போனில் சார்ஜ் தீர்ந்து இணைப்பு அறுந்தது. அறுவதற்கு முந்தின நிமிஷத்தில் கடை முழுவதும் ஒரே கூச்சல். யார் கோல் அடித்தது என்று தெரியாமல் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

நாங்கள்தான். என் நடுக்கள வீரன் இல்லாமல், அவனுக்குப் பதிலாக இறங்கிய எவனோ அடித்து, பரம எதிரியை ஜெயித்திருந்தோம். நண்பன் இரவு சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டான். குரலில் தயக்கம்.

"மச்சா, கோச்சிக்காத. அடுத்த வாரமும் கோழிக்கடை அண்ணனே அந்த எடத்துல உக்காரட்டும்."

"ஏன்?"

"ஜெயிச்சோம்ல. மாத்த வேணாம்."

அவனை நான் குறை சொல்ல முடியாது. ஜெயித்த நாளில் உட்கார்ந்த இடத்தை மாற்றக் கூடாது என்பது எங்கள் கோஷ்டியின் முதல் விதி. அந்த விதியைப் போட்டவன் நான்.

அடுத்த சனிக்கிழமை இடுப்பு சரியாகிவிட்டது. போனேன். கோழிக்கடைக்காரர் என் இடத்தில், கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டோடு. அவர் ஆட்களில் இருவரும் பக்கத்தில். எனக்கு ஃபிரிட்ஜ் ஓரமாக ஒரு ஸ்டூல் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் டிவியில் வலது பக்க கோல்போஸ்ட் தெரியாது. பாய் டீயை முதலில் அவருக்குத்தான் கொடுத்தார். இடைவேளையில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, உடம்பு எப்படி என்று அன்பாக விசாரித்தார். பிறகு கேட்டார்.

"குரு, இந்த பிரேக்கு மறுபடி எப்ப வரும்?"

"அடுத்த மாசம்ணா."

"அப்ப நீங்க வந்து காவலுக்கு உக்காருங்க. நாங்க எல்லாம் கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கறோம்."

நண்பன் டீ டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். நான் பதில் சொல்லும் முன் போன் அடித்தது. மனைவி. அடுத்த மாசம் அந்த இரண்டு வாரமும் எதுவும் வைத்துக்கொள்ளாதே, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம் என்றாள்.